ஆபரேஷன் முடிந்த பிறகும் கீமோ எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய். 4 கீமோவுக்குப் பிறகு ஆபரேஷன் செய்து 7 வாரம் ஆகிறது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்களாம். இப்போது இன்னும் 4 கீமோ என்கிறார்கள். 11 கிலோ இளைத்து, சாப்பிடவும் சிரமப்படுகிறார். உடம்பு தாங்குமா?

பதில்: சர்ஜன் சொன்னது உண்மைதான். ஆனால், அதற்கு முன்பே ரத்தத்திலோ நிணநீரிலோ நழுவிப்போன செல்கள் கத்திக்கும் எட்டாது, ஸ்கேனிலும் தெரியாது. மறுபடி நோய் வருவது பெரும்பாலும் அவற்றால்தான். அதனால்தான் இந்த வகைக்கு முன்னால் 4, பின்னால் 4 என்று 'ஃப்ளாட்' (FLOT) என்ற கீமோ சிகிச்சையைத் திட்டமிடுகிறோம். ஆக்ஸாலிபிளாட்டின், டோசிடாக்செல் உள்பட 4 மருந்துகள், 2 வாரத்துக்கு ஒருமுறை.

அப்பாவின் சோர்வு அவருக்கு மட்டும் வந்ததில்லை. 2019-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், 8 சுற்றையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அப்படியும் பழைய மருந்துகளைவிடப் பலன் கூடுதலாகவே இருந்தது. எனவே ஒன்றிரண்டு சுற்று குறைந்தாலும் எல்லாம் வீண் என்று பயப்படாதீர்கள். அளவைக் குறைத்தும் கொடுக்கலாம். விரல் மரத்துப்போயிருந்தால் அவசியம் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர வழி உண்டு.

என் கருத்தைக் கேட்டால், கீமோவைக் கைவிட வேண்டாம். ஆனால் முதலில் எடை இறங்குவது நிற்கட்டும். அதற்காக ஓரிரு வாரம் தள்ளிப்போனால் பரவாயில்லை.

இரைப்பையைக் குழாய்போல் மேலே இழுத்துத் தைத்திருப்பார்கள். பழைய கொள்ளளவு அதற்குக் கிடையாது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறேழு வேளையாகப் பிரியுங்கள். குழைந்த சாதம், முட்டை, இட்லி, பருப்பு. தண்ணீரைச் சாப்பாட்டோடு வேண்டாம், அரைமணி நேரம் கழித்துக் கொடுங்கள். தெம்புக்கென்று குளுக்கோஸும் சர்க்கரை போட்ட கஞ்சியும் கொடுப்பவர்கள் நிறைய. அது சட்டென்று குடலில் இறங்கி, வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள். இரவில் கட்டிலின் தலைமாட்டை உயர்த்துங்கள். உணவு செலுத்தக் குடலில் வைத்த டியூப் இன்னும் இருந்தால், கீமோ முடியும்வரை அதை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம்.

விழுங்குவது நாளுக்கு நாள் கடினமானால், தைத்த இடம் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் அதை விரித்துவிடலாம். கீமோவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கீமோ தொடங்கியபின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.