தொய்யும் வேலிச்சட்டம்: கேள்விகளும் பதில்களும்

(திருகோணமலைப் பக்கத்து ஊர்களில இருந்து வந்த கேள்விகள். கேட்டவரின்ர ஊர்ப்பேர் முன்னுக்கு இருக்கு, பதில் கீழ.)

உவர்மலை: எங்கட மரவேலியில தூணுக்குத் தூண் எட்டடி. தூண்களுக்குக் குறுக்கா அடிச்ச மேற்சட்டம் நாலுக்கு ரெண்டு அங்குல மரம். நடுவில ஒன்றரை அங்குலம் இறங்கிட்டுது. பக்கத்தில இன்னொரு சட்டம் சேர்த்து அடிச்சாச் சரிவருமா அண்ணை?

சரிவரும், ஆனா அது மூன்றாவது வழி. முதல் ரெண்டும் செலவு குறைஞ்சது.

சட்டத்தின்ர நாலங்குலப் பக்கம் வானத்தைப் பாக்குதா? அப்ப அது படுத்த சட்டம். அதே மரத்தை நிமிர்த்தி, ரெண்டங்குல விளிம்பு மேல வரவைச்சா விறைப்பு நாலு மடங்காகும். மரம் புதுசா வாங்கத் தேவையில்லை. நிமிர்ந்துதான் நிக்குதெண்டா நடுவில ஒரு தாங்குகட்டை குடுங்கோ. இடைவெளி பாதியானா, அடிக்கு அதே பாரமெண்டா தொய்வு பதினாறில ஒரு பங்குக்கு வந்திடும். கட்டை மண்ணில நேர நிக்கப்படாது. அரைக் கல்லோ கொங்கிறீட் துண்டோ கீழ வைக்கவேணும்.

நடுவில கட்டை வைக்க இடமில்லாட்டி மட்டும் சேர்ப்புச் சட்டம். முதல்ல ஸ்குரூ டிரைவர் நுனியால பழைய சட்டத்தைக் குத்திப் பாருங்கோ. தூண் தொடுற இடம், ஆணி ஏறின இடம், மேல் விளிம்பு மூண்டையும். கால் அங்குலத்துக்கு மேல லேசா இறங்கினா மரம் உக்கிட்டுது, கழட்டி எறியுங்கோ. நல்ல மரமெண்டா சட்டத்தில அடிச்ச பலகைகளைக் கழட்டிப் பாரத்தை இறக்குங்கோ. கழட்டாம நெம்பினா பலகையெல்லாம் சேர்ந்து எதிர்க்கும், வெடிக்கும். பிறகு கார் ஜாக்கை ஒரு பலகைத் துண்டு மேல வைச்சு, நூல் பிடிச்ச மட்டத்துக்கு மேல அரை அங்குலம் வரை மெல்ல உயர்த்துங்கோ. ஒரேயடியா ஏத்தப்படாது, கொஞ்சம் ஏத்தி, விட்டு, மற்ற நாள் மிச்சம்.

புதுச் சட்டத்தை விளிம்போட கண் வைச்சுப் பாத்தா ஒரு பக்கம் முதுகு மாதிரி வளைவு தெரியும். அந்த முதுகு மேல வரட்டும். நீளம் தூணுக்குத் தூண் முழுசா இருக்கவேணும்; நடுவில மூண்டடித் துண்டு அடிக்கிறது கண்துடைப்பு. 10 மி.மீ. போல்ட், நீளம் 120 மி.மீ., ரெண்டு பக்கமும் பெரிய வாஷர். நுனியில இருந்து நாலங்குலத்தில முதல் போல்ட், பிறகு பதினாறு அங்குலத்துக்கு ஒண்டு, நடுக்கோட்டுக்கு அரை அங்குலம் மேலும் கீழுமா மாறி மாறி.

இனிக் கனபேர் விடுற பிழை. ரெண்டு மரம் ஒட்டின இடுக்கில மழைத்தண்ணி இறங்கும், வெளிய வராது. மாரி முழுக்க அந்த இடுக்கு ஈரமாவே கிடந்து உள்ளுக்குள்ள உக்கும், வெளிப்பக்கம் புதுசு போலத் தெரியும். ஒட்டுற முகம் ரெண்டுக்கும் முதலே பெயின்ட் அடிச்சுக் காயவிட்டு, மேல ஒரு அலுமினியத் தகட்டை மடிச்சுத் தொப்பி போல மூடுங்கோ.

நிலாவெளி: சட்டம் தூணை விட்டுக் கழருது. நாலங்குல ஆணி அடிச்சன், அதுவும் வெளிய வருது. ஆறங்குலம் அடிக்கவா?

வேண்டாம். கச்சான் எண்ட வறண்ட தென்மேல் காத்தில மரம் சுருங்கும், மாரியில ஊதும். ஒவ்வொரு முறையும் ஆணி கொஞ்சம் வெளிய தள்ளுப்படும். ஆணி நீளமானாத் தூண்தான் வெடிக்கும். தூணில ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டிச் சட்டத்தை அதில இருத்துங்கோ, பாரம் மரத்தில நிக்கட்டும். போல்ட் பிடிச்சு வைக்க மட்டும்தான். போல்ட் மங்கின சாம்பல் நிறமா, கொஞ்சம் சொரசொரப்பா இருக்கவேணும். அதுதான் சூடான நாகத்தில (துத்தநாகத்தில) தோய்ச்சது. பளபளக்கிறதுக்கு நாகப்பூச்சு மெல்லிசு, கடல்காத்துக்கு நிக்காது.

கிண்ணியா: அஸ்ஸலாமு அலைக்கும். பனைமரத்தில சட்டம் போடலாமா? வளவில ஒரு பெண்பனை நிக்குது.

வஅலைக்கும் ஸலாம். முத்தின பனையின்ர வைரம் நல்ல சாமான். உள்சோத்தியை ஒட்டச் செதுக்கி எடுத்திடுங்கோ, அதுதான் தண்ணி குடிக்கிறது. வைரப்பக்கம் மேல வரட்டும். பனைக்கு ஆணி அடிக்காதீங்கோ, நார் வழியே பிளக்கும். ட்ரில்லால துளைச்சுப் போல்ட். பெண்பனை வெட்ட அனுமதி எடுக்கவேணும், அதைப் பிரதேச செயலகத்தில கேளுங்கோ.

மூதூர்: தென்னஞ்சலாகை?

வெளிவேலிக்கு வேண்டாம்.

சாம்பல்தீவு: தூணடி மண்மட்டத்தில உக்குது, கறையானும் ஏறுது. வாகனத்தின்ர பழைய என்ஜின் ஒயில் பூசினாக் காணும் எண்டு சொல்லுறாங்கள்.

பூசாதீங்கோ. தடிச்ச ஒயில் மரத்துக்குள்ள ஆழமாப் போகாது, மேல்தோலில நிண்டு மழைக்குக் கழுவுப்படும். கழுவுப்பட்டது எங்க போகும்? உங்கட கிணத்துக்கு.

அதே சாம்பல்தீவு: எங்கட அப்பா காலத்தில இருந்து பூசினது. ஒண்டும் நடக்கேல்லையே?

உப்புவெளி: நானும் அதைத்தான் கேக்க வந்தனான். ஒரு தூணுக்கு ஒரு போத்தில்தானே அண்ணை?

ஒரு தூணுக்கு ஒரு போத்தில், வேலிக்கு முப்பது தூண், ரெண்டு வருசத்துக்கு ஒருக்காப் பூச்சு. கணக்கை நீங்களே போடுங்கோ. கரையோர மணல் தண்ணியை வடிக்கும், ஒயிலில உள்ளதை வடிகட்டாது. நிலத்தடித்தண்ணி சில அடியில நிக்குது. ஓடின ஒயிலில எஞ்சினின்ர உலோகத்தூளும் எரிஞ்ச எச்சமும் கலந்திருக்கு. புற்றுநோய் தாற சேர்மங்கள் அதில உண்டு. அப்பா காலத்துத் தூண் நிண்டது, அந்த நேரம் பாலை மரமும் முதிரை மரமும் வைரமாக் கிடைச்சபடியால. ஒயிலுக்கு அந்தப் பேரைக் குடுக்காதீங்கோ.

உப்புவெளி: அப்ப தார் பூசினா?

ஒயிலை விடத் தார் மேல், ஆனா தாரும் மூடி மட்டும்தான். ஈரமான தூணுக்குத் தார் பூசினா ஈரத்தை உள்ளுக்க பூட்டி வைக்கிறீங்கள். உக்கல் பிடிக்கிறது முக்கியமா மண்மட்டத்தில. ஈரமும் காத்தும் சேர்ந்து கிடைக்கிற இடம் அதுதான். தூணை மண்ணில இருந்து எடுத்திடுங்கோ. கொங்கிறீட் கட்டை ஒண்டை ரெண்டடி தாட்டு, மரத்தூணை மண்ணுக்கு ரெண்டங்குலம் மேல நிறுத்தி, ரெண்டு 12 மி.மீ. போல்டால கட்டையோட இறுக்குங்கோ. கறையான் ஏறினாலும் மண்குழாய் கட்டையில தெரியும், தட்டி விடலாம். மரத்தூணைக் கொங்கிறீட்டுக்குள்ளயே ஊன்றித்தான் ஆகவேணுமெண்டா அடியில சல்லிக்கல் போட்டு, கொங்கிறீட் மேல்முகத்தைச் சரிவா இழுங்கோ. கிண்ணம் மாதிரி விட்டாத் தூண் தண்ணிக்க நிக்கும்.

அலஸ்தோட்டம்: எங்கட சட்டமும் நடுவில தொய்யுது, எட்டடி இடைவெளி. என்ன செய்யலாம்?

உவர்மலைக்குச் சொன்னதை வாசியுங்கோ.

தம்பலகாமம்: வேலிக்கு நட்ட பூவரசங் கதியால் (உயிர்க்கம்பு) வேர் பிடிச்சு நல்லா நிக்குது. அதிலயே சட்டத்தை அடிக்கலாமா?

அடிச்ச ஆணி அதே உயரத்திலதான் நிக்கும், அந்தப் பயம் வேண்டாம். ஆனா தண்டு பருக்கும். பருக்கப் பருக்கச் சட்டத்தை வெளிய தள்ளும், கடைசியில ஆணித்தலை சட்டத்துக்குள்ளால போயிடும். காத்துக்கு மரமும் ஆடும். கதியாலுக்குக் கிடுகோ கம்பியோதான் பொருத்தம்.

பாலையூற்று: படலை (வேலிக் கதவு) நுனி இறங்கி நிலத்தில உரசுது.

அது வேற கணக்கு. கீழ்ப் பிணைச்சல் மூலையில இருந்து பூட்டுப் பக்க மேல்மூலைக்குச் சாய்வா ஒரு கட்டை. மறுமூலையாப் போட்டா மரம் வேலை செய்யாது, அதுக்குக் கம்பி வேணும்.

சீனக்குடா: பளபளக்கிற போல்டுதான் கடையில இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லையெண்டா நான் ஏன் நிலாவெளிக்கு அவ்வளவு எழுதினனான்? வேற கடை பாருங்கோ. இறுக்கிற காலத்தையும் கவனியுங்கோ: மாரியில ஊதின மரத்தில இறுக்கினது ஆடியில தளரும். வெயில் காலத்தில ஒருக்கா ஸ்பனர் போடுங்கோ.

சாம்பல்தீவு: ஏற்கெனவே ஒயில் பூசின தூணுக்கு இப்ப பெயின்ட் ஒட்டுமா?

ஒட்டாது, உரிஞ்சு வரும். தூண் நல்லமெண்டா அப்படியே விடுங்கோ. மாத்துற நேரம் துண்டை அடுப்பில வைக்காதீங்கோ, அந்தப் புகை கூடாது.