சோதித்தோமா, சோதிக்கப்பட்டதா? அறிக்கைத் தமிழில் காலமும் இடமும்

சோதனை அறிக்கையும் ஆய்வறிக்கையும் தமிழில் எழுதுகிறவர்கள் கேட்டவை இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கான்கிரீட் கியூப் டெஸ்டிலிருந்து, அதாவது கான்கிரீட்டைக் கன வடிவ அச்சில் வார்த்து, பிறகு அழுத்தி உடைத்து வலிமை பார்க்கும் சோதனையிலிருந்து எடுத்தவை. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் இலக்கணம் ‘இடம்’ என்கிறது. தலைப்பில் உள்ள இடம் அதுதான்.

கேள்வி: சார், டிப்ளமோ சிவில் படிக்கிறேன். ரெக்கார்டில் “மூன்று அடுக்குகளாக நிரப்பவும், ஒவ்வோர் அடுக்கையும் 35 முறை குத்தவும்” என்று எழுதினேன், சுழித்துவிட்டார்கள். கையேட்டில் அப்படித்தானே இருக்கிறது?

பதில்: கையேடு வேலை ஏவுகிறது, அதனால் ‘நிரப்பவும்’ அங்கே சரி. அறிக்கையில் எழுதினால் படிப்பவரைப் போய் நிரப்பச் சொல்கிறீர்கள். “150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 35 முறை குத்தினோம்” என்று மாற்றுங்கள்.

ஆனால் வினைமுற்றை மட்டும் திருப்பிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கையால் குத்தும்போது அடுக்குக்கு 35-க்குக் குறையக் கூடாது என்பது விதி. நீங்கள் 40 முறை குத்தியிருந்தால் 40 என்றே எழுத வேண்டும். கியூரிங் (வார்த்த கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது) தொட்டித் தண்ணீர் 27 டிகிரி, கூடக்குறைய 2 டிகிரி என்பதும் விதிதான். அன்று தெர்மாமீட்டர் 28 காட்டியிருந்தால் “28 டிகிரி இருந்தது” என்று வர வேண்டும். கையேட்டு வரியை அப்படியே இறந்தகாலத்தில் போட்டால், அளக்காத எண்ணை அளந்ததாகச் சொன்னதாகிவிடும்.

கேள்வி: எங்கள் லேபில் ‘நாங்கள்’ எழுதக் கூடாது, ‘செய்யப்பட்டது’ என்றால்தான் நடுநிலை என்கிறார்கள். சரியா?

பதில்: ‘நாங்கள்’ இல்லாமலே எழுதலாமே. ‘சோதித்தோம்’ என்பதில் ‘ஓம்’ விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. “எங்களால் சோதிக்கப்பட்டன” என்பதுதான் ஆக மோசம்: ஆளும் ஒளியவில்லை, வாக்கியமும் நடக்கவில்லை.

செயப்பாட்டுவினை வேண்டாம் என்று சொல்லவில்லை. “கியூப்கள் 12-ஆம் தேதி வார்க்கப்பட்டன” என்பதில் வார்த்தவர் யார் என்பது பொருட்டில்லை. “கலவையில் கூடுதல் தண்ணீர் சேர்க்கப்பட்டது” என்பதில் அதுதான் பொருட்டே. தண்ணீர் கூடினால் வலிமை குறையும். சேர்த்தது மிக்சர் லாரிக்காரரா, சைட் ஆளா, மாதிரி எடுத்த லேப் ஆளா என்பதைப் பொறுத்து முடிவின் பொருளே மாறும். அங்கே எழுவாய் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, “கியூப்கள் சோதிக்கப்பட்டது” அல்ல, ‘சோதிக்கப்பட்டன’. ‘படு’ நுழைந்த வாக்கியத்தில்தான் இந்தப் பிழை அதிகம் தப்புகிறது.

கேள்வி: ‘நாம்’ போடலாமா?

பதில்: ‘நாம்’ படிப்பவரையும் உள்ளே இழுக்கும். “நாம் மாதிரி எடுத்தோம்” என்றால் அறிக்கையை வாங்குகிறவரும் கூட நின்றார் என்று ஆகும். கணக்கை வாசகரோடு சேர்ந்து போட்டுக் காட்டும் இடத்தில் மட்டும் ‘நாம்’ பொருந்தும். ஒற்றை ஆளாகச் செய்த வேலைக்கு ‘சோதித்தேன்’ என்று எழுதக் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: முடிவுப் பகுதியில் காலம் கலந்து கலந்து வருகிறது. எல்லாவற்றையும் ஒரே காலத்துக்குக் கொண்டுவரட்டுமா?

பதில்: வேண்டாம், கலக்கத்தான் வேண்டும். இதைப் பாருங்கள்:

“மூன்று கியூப்களும் 612, 598.5, 630 கிலோநியூட்டனில் உடைந்தன. சராசரி வலிமை சதுர மி.மீ.க்கு 27.3 நியூட்டன். மூன்று மதிப்புகளும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் உள்ளன. 28 நாளுக்குப் பிறகும் கான்கிரீட் மெல்ல வலுவேறும்.”

உடைந்தது ஒரு முறை, ஒரு நாளில், எனவே இறந்தகாலம். சராசரிக்கு வினையே தேவையில்லை, தமிழ் அதைத் தாங்கும். ‘உள்ளன’ இப்போது தாளில் தெரிவது. ‘வலுவேறும்’ எதிர்காலம் போலத் தோன்றினாலும் இயல்பைச் சொல்கிறது. மூன்று காலத்துக்கும் பொதுவான இயல்பைச் ‘செய்யும்’ வாய்பாட்டில் சொல்லத் தொல்காப்பியமே இடம் தருகிறது. ‘மலை நிற்கும்’, ‘தீச் சுடும்’ என்பார்கள் உரைகாரர்கள்.

சிக்கலும் இதே ‘உம்’மில்தான். “இந்த கான்கிரீட் சதுர மி.மீ.க்கு 27 நியூட்டன் தாங்கும்” என்று எழுதினால் சோதனை முடிவு உத்தரவாதமாகிவிடும். “சோதித்த மூன்று கியூப்களும் 28-ஆம் நாளில் சதுர மி.மீ.க்குச் சராசரியாக 27.3 நியூட்டன் தாங்கின” என்பதோடு நில்லுங்கள்.

கேள்வி: ஐயா, பழைய கட்டடங்களை ஆய்வு செய்கிறேன். ‘விரிசல் ஏற்பட்டது’, ‘ஏற்பட்டுள்ளது’, ‘ஏற்பட்டிருந்தது’ எல்லாம் ஒன்றா?

பதில்: ஒன்றே அல்ல. ‘ஏற்பட்டது’ நடந்ததைச் சொல்லும். இன்றும் இருக்கிறதா, பூசி அடைத்தாயிற்றா என்பது தெரியாது. ‘ஏற்பட்டுள்ளது’ என்றால் எழுதும் நேரத்திலும் இருக்கிறது. மூன்றாம் தேதி பார்த்துவிட்டு இருபதாம் தேதி அறிக்கை எழுதுகிறீர்களா? இடையில் யார் எதை அடைத்தார்களோ. “மூன்றாம் தேதி பார்த்தபோது ஸ்லாபின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது” என்று எழுதினால் நீங்கள் கண்டதற்கு மட்டும் பொறுப்பு.

காரணத்துக்கு ‘இருக்கலாம்’ வரும், ஆனால் தடயத்தோடு (‘கவர்’ என்பது கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் கனம்): “20 மி.மீ. இருக்க வேண்டிய கவர் 12 மி.மீ.தான் இருந்தது, கம்பி துருப்பிடித்து உப்பியதில் விரிசல் விட்டிருக்கலாம்.” அளந்தது ‘இருந்தது’, ஊகித்தது ‘இருக்கலாம்’. ‘விட்டிருக்கும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஊகம் தீர்ப்பு மாதிரி தொனிக்கும்.

கேள்வி: “விரிசல் இல்லை” என்று எழுதலாம்தானே?

பதில்: “வெறுங்கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை” என்று எழுதி, தேதியும் போடுங்கள். ‘வில்லை’ என்ற முடிவு நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றாகவே வருவதால் தேதி இல்லாமல் காலம் நிற்காது. ‘விரிசல் வராது’ அறிக்கைக்குள் வரவே கூடாது.

கேள்வி: டெண்டர் விவரக்குறிப்பில் “கியூரிங்குக்குத் தண்ணீர் வழங்கப்படும்” என்று இருந்தது. ஒப்பந்ததாரர், தண்ணீர் உரிமையாளர் பொறுப்பு என்கிறார்.

பதில்: அந்த வரியை வைத்து அவர் அப்படிச் சொல்ல இடமிருக்கிறது. எழுவாயும் இல்லை, கட்டாயமும் இல்லை. “ஒப்பந்ததாரர் தம் செலவில் தண்ணீர் ஏற்பாடு செய்ய வேண்டும்” என்று திருத்துங்கள். கட்டாயத்துக்கு ‘வேண்டும்’, தடைக்குக் ‘கூடாது’, விருப்பத்துக்கு ‘லாம்’. உரிமையாளர் தரப்பே தருவதாக ஒப்புக்கொண்டதற்கு மட்டும் ‘தரும்’, அதுவும் “உரிமையாளர் தரப்பு தரும்” என்று பெயரோடு. விவரக்குறிப்பில் ‘-ப்படும்’ என்று முடியும் வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி, யார் செய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பில் போடும் நாளில் சண்டை வருவது பெரும்பாலும் அந்த வரிகளில்தான்.