அடிக்கு 300 ரூபாய் என்றால் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் கிராமம். ஊர் முடிகிற இடத்திலேயே 2 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பா 1987-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான் இருக்கிறோம். அக்காவைக் கட்டிக் கொடுத்து, சீரெல்லாம் செய்துவிட்டோம். இப்போது ஒரு புரமோட்டர் வந்து, மனை போட்டால் அடி 300 ரூபாய்க்குப் போகும், செலவெல்லாம் நான் பார்க்கிறேன், வருவதில் பாதிக்குப் பாதி என்கிறார். 5 லட்சம் அட்வான்ஸ் தந்து பவர் எழுதிக் கேட்கிறார். பஞ்சாயத்து அப்ரூவல் வாங்கினால் போதும் என்றும் சொல்கிறார். என் பங்குக்கு 65 லட்சம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். விவசாய நிலமாகவே விற்றால் சென்ட் 25,000-க்குக் கேட்கிறார்கள். நான் கோவையில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன், மாதம் 38,000 சம்பளம். 4 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. மகள் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். பவர் கொடுக்கலாமா?

பதில்: பவர் கொடுக்காதீர்கள். அட்வான்ஸும் வாங்காதீர்கள், இப்போதைக்கு. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த 65 லட்சத்தைப் பார்த்துவிடுவோம்.

2 ஏக்கர் என்றால் 87,120 சதுர அடி. அதை அப்படியே 300-ஆல் பெருக்கி, புரமோட்டருக்குப் பாதி கழித்து, மிச்சத்தை அண்ணனும் நீங்களும் பிரித்தால் 65 லட்சம் வருகிறது. ஆனால் 200 சென்டும் மனையாகாது. சாலைக்கு மட்டும் தோராயமாக 60 சென்ட் போய்விடும் என்று வையுங்கள். மிச்சம் 140. அதில் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது பொதுவுக்காகக் காலியாக விட வேண்டிய இடம், 14 சென்ட். உங்கள் நிலம் 8,094 சதுர மீட்டர். 10,000 சதுர மீட்டருக்குள் இருப்பதால் இடத்துக்குப் பதில் அரசு மதிப்பில் பணம் கட்டவும் விதியில் வழி உண்டு, ஆனால் அதுவும் செலவுதான். ஆக விற்க நிற்பது 126 சென்ட், சுமார் 54,900 சதுர அடி. அதில் உங்கள் குடும்பத்துக்குப் பாதி. 300 ரூபாய் கிடைத்தாலும் 82 லட்சத்துச் சொச்சம்.

அதை எத்தனை பேர் பிரிக்க வேண்டும்? இரண்டு அல்ல, நான்கு. நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன். அப்பா சுயமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை என்றால் 1956-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள் என நான்கு பேருக்கும் சம பங்கு. சீர் செய்தது உங்கள் அன்பு, அதனால் அக்காவின் பங்கு கழியாது. அக்காவாக விரும்பி, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது அவர் முடிவு. அவரைக் கேட்காமல் பவர் எழுதுவது அவருக்குச் செய்கிற அநியாயம். அதோடு, நாளைக்கு மனை வாங்கி வீடு கட்டியவர் வாசலில் வழக்கு வந்து நிற்கும்.

அப்படியானால் உங்கள் கைக்கு வருவது சுமார் 20 லட்சத்து 50 ஆயிரம். வரிக்கு முன்னால். அதுவும் ஒரே நாளில் அல்ல, மனை விற்க விற்க. விவசாய நிலமாக விற்றால் மொத்தம் 50 லட்சம், உங்களுக்கு 12 லட்சத்து 50 ஆயிரம், மொத்தமாகக் கையில். வித்தியாசம் 8 லட்சம். அந்த 8 லட்சத்துக்காக எதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்பதுதான் கேள்வி.

'பஞ்சாயத்து அப்ரூவல் போதும்' என்று சொல்கிறவரோடு எந்த ஒப்பந்தமும் வேண்டாம். நகர் ஊரமைப்புத் துறையின், அதாவது டிடிசிபியின் அனுமதி இல்லாமல் ஊராட்சி தானாக மனைப்பிரிவுக்கு அனுமதி தர முடியாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டபோது எத்தனை குடும்பங்கள் கையில் பத்திரத்தோடு தவித்தன என்பது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குத்தான். புதிதாகப் போடுகிற உங்களுக்கு அந்தக் கதவு இல்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், நாம் ரெரா என்கிறோமே, அதில் பதிய வேண்டும். வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். மனை போடுகிறவர் ஒருவர், விற்கிறவர் வேறொருவர் என்றால் அந்தச் சட்டம் இருவரையுமே புரமோட்டராகத்தான் பார்க்கிறது. சாலை போடாமல் அவர் போய்விட்டால் வாங்கியவர்கள் உங்களையும் கேட்கலாம். பவர் எழுதிக் கொடுத்துவிட்டு கோவையில் இருந்தால் என்ன விற்றது, எவ்வளவுக்கு விற்றது என்றே உங்களுக்குத் தெரியாது, பொறுப்பு மட்டும் இருக்கும்.

வரியும் இதில் பெரிய விஷயம். கிராமப்புற விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே விற்றால் மூலதன ஆதாய வரி, அதாவது சொத்தை விற்ற லாபத்துக்கான வரி, கிடையாது. கிராமப்புறம் என்பதற்குத் தூரக் கணக்கு உண்டு: பக்கத்து நகராட்சி அல்லது பேரூராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. நேர்கோட்டில் அளப்பார்கள். உங்கள் நிலம் அதைத் தாண்டி இருந்தால் அந்த 12 லட்சத்து 50 ஆயிரம் முழுசாக உங்களுடையது. மனை போட்டு விற்றால் வரி வரும், வியாபார வருமானமாகவும் பார்க்கப்படலாம். கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். 8 லட்சம் வித்தியாசம் இங்கேயே இன்னும் சுருங்கும்.

அப்புறம், யார் வாங்குவார்கள்? 126 சென்ட் என்றால் 1,200 சதுர அடியில் 45 மனை. உங்கள் ஊரில் கடந்த ஐந்து வருடத்தில் புதிதாக எத்தனை வீடு எழும்பியது என்று அண்ணனை எண்ணச் சொல்லுங்கள். பத்துக்குள் என்றால் 45 மனை விற்க எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கல் நட்டு, கலர் பெயின்ட் அடித்து, போர்டு வைத்து, சீமைக்கருவேலம் மண்டிப்போன மனைப்பிரிவுகளை நம் பக்கம் பார்க்காத சாலை இல்லை. அந்த நிலத்தில் மறுபடி சோளமும் விதைக்க முடியாமல், வீடும் வராமல் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

இதற்காக மனையே போடக்கூடாது என்று சொல்லவில்லை. ஊரை ஒட்டிய நிலம், ஊர்ப் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். ஆனால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, நான்கு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற்றுங்கள். அ பதிவேடு (நிலம் என்ன வகை, யாருடையது என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு), புல வரைபடம் (நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் படம்) இரண்டையும் வைத்து ஓடையோ வாய்க்கால் புறம்போக்கோ ஒட்டி வருகிறதா பாருங்கள். ஒரு பெருமழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று அம்மாவுக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள். நிலத்துக்கு வருவது வண்டிப்பாதை மட்டும் என்றால் அனுமதி அங்கேயே நிற்கும், அதை மாவட்ட டிடிசிபி அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

பிறகு ஊர்ப் பக்கத்து 20 சென்டை உங்கள் நான்கு பேருக்கும் வீட்டுக்கென்று நிறுத்திவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், பாகத்துக்கு 40,000 ரூபாய்தான் உச்சம். கிரயப் பத்திரம் என்றால் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். புரமோட்டரோடு சேர்வதாக இருந்தால் பதிவு செய்த கூட்டு ஒப்பந்தம் வேண்டும். வரைபடத்தில் எந்த எண் மனை உங்களுக்கு என்று அதிலேயே எழுத வேண்டும். இத்தனை மாதத்தில் அனுமதி வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்றும் இருக்க வேண்டும். பவர் கொடுப்பதானால் அனுமதி வாங்கும் வேலைக்கு மட்டும். கிரயப் பத்திரத்தில் நீங்கள் நான்கு பேரும் நேரில் கையெழுத்துப் போடுங்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாதவர் உங்களுக்கு வேண்டாம்.

சரி, நகைக்கடன். உங்களை அவசரப்படுத்துவது அந்த 4 லட்சம்தான் என்று தோன்றுகிறது. அடகில் இருப்பதில் கொஞ்சம் நகையை விற்றே கடனை முடியுங்கள். மகளின் படிப்புக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் வரை அடமானம் இல்லாமல் வங்கிக் கல்விக்கடன் கேட்கலாம். இந்த இரண்டுக்கும் 2 ஏக்கரைத் தொட வேண்டிய அவசியமில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், மேலே போட்ட கணக்கை அவருக்கும் காட்டுங்கள். புரமோட்டருக்கு அதுவரை பதில் சொல்ல வேண்டாம்.