ஏ-ஜி பட்டியலில் இல்லாத பாடங்கள்: கலிபோர்னியப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் எடுத்த அறிவியல் பாடம் ஏ-ஜி பட்டியலில், அதாவது பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஏற்கப்படும் பாடங்களின் பட்டியலில், இல்லை என்கிறார்கள். பள்ளியே நடத்திய பாடம் எப்படிக் கணக்கில் வராமல் போகும்?

பதில்: பள்ளிப் படிப்பை முடிப்பதற்கான விதிகள் வேறு, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான விதிகள் வேறு. மாநிலச் சட்டம் கணிதத்தை இரண்டாண்டு படித்தால் போதும் என்கிறது. யூசியும் (கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) கால் ஸ்டேட்டும் (கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம்) மூன்றாண்டு கேட்கின்றன. அவை கேட்கும் 15 ஓராண்டுப் பாடங்களும் ஏ முதல் ஜி வரையிலான ஏழு பிரிவுகளில் அடங்கும். ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு வேண்டும். தன் பாடத்திட்டத்தை யூசிக்கு அனுப்பி ஒப்புதல் பெறுவது பள்ளியின் பொறுப்பு என்பதால், ஒரே பெயருள்ள பாடம் ஒரு பள்ளியில் ஏற்கப்பட்டும் பக்கத்துப் பள்ளியில் ஏற்கப்படாமலும் இருக்கக்கூடும். யூசியின் இணையதளத்தில் பள்ளிவாரியாகப் பட்டியல் இருக்கிறது; மகள் அப்பாடத்தைப் படித்த கல்வியாண்டின் பட்டியலையே பாருங்கள். பள்ளி விண்ணப்பிக்கவே இல்லையெனில், பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 15 வரையிலான காலத்தில் விண்ணப்பிக்குமாறு கவுன்சிலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பள்ளி செய்யத் தவறியதற்கு மாணவி இழப்பைச் சுமப்பது நியாயமல்ல, கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

கேள்வி: அப்பாடத்தில் அவள் பெற்ற ஏ கிரேடு வீண்தானா?

பதில்: யூசி கணக்கிடும் ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரியில்) அது சேராது. ஆனால் விண்ணப்பத்தின் செயல்பாடுகள் பகுதியில், பிற பாடங்கள் என்னும் பிரிவில் அதைக் குறிப்பிடலாம்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புக்குள் குறையை ஈடுசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில்), யூசிக்கு மாற்றத்தக்க, அதாவது யூசியும் ஏற்கும், மூன்று செமஸ்டர் யூனிட் (பாட அளவு) கொண்ட பாடம் ஒன்று உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்கு ஈடாகும். கோடை விடுமுறையிலேயே முடித்துவிடலாம் என்பதால் நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. ஆயினும் 15 பாடங்களில் 11 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்று யூசி கேட்பதால், கடைசி ஆண்டுவரை தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அல்ஜீப்ரா 2-க்குப் (உயர் இயற்கணிதம்) பதிலாக டேட்டா சயின்ஸ் (தரவு அறிவியல்) எடுக்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அத்தகைய பாடங்கள் அல்ஜீப்ரா 2-க்கு ஈடாகா என்று யூசியின் சேர்க்கை விதிகளை வகுக்கும் பேராசிரியர் குழு 2023-இல் முடிவு செய்தது. ஆர்வமிருந்தால் அல்ஜீப்ரா 2-ஐ முடித்துவிட்டுக் கூடுதலாக எடுக்கட்டும்.