சிறிய மண் அணையில் தண்ணீர் கசிகிறதே, அந்த அணையால் என்ன பயன்?

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கரையின் அடிவாரத்தில் ஊறும் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கலங்கலாக வந்தால், நீரோடு கரையின் மண்ணும் உள்ளிருந்து அரித்து வருகிறது என்று பொருள். உடனே நீர்மட்டத்தைக் குறைத்துவிட்டு, விவரம் தெரிந்த பொறியாளரை அழைக்க வேண்டும்.

பயனைப் பொறுத்தவரை, தேங்கிய தண்ணீரைவிட மண்ணுக்குள் இறங்கும் தண்ணீரைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஓடையில் சில மணி நேரத்தில் ஓடி மறையும் மழைநீர் வாரக்கணக்கில் நின்று இறங்குகிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறுகிறது. கீழே வெள்ளத்தின் வேகமும் தணிகிறது. ஆனால் அடியில் வண்டல் படியப் படிய இந்த ஊடுருவல் குறையும். ஆகவே கோடையில் தூர்வாருவது அவசியம். அள்ளிய வண்டல் வயலுக்கு நல்ல உரம்.

கட்டும்போது களிமண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஈரம் பார்த்து இறுக்க வேண்டும். அதைவிட முக்கியம், உபரி நீர் வெளியேறும் வழியான கலிங்கு. மண் கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால், சில மணி நேரத்திலேயே கரை உடையலாம். கலிங்கைக் கரையின் ஓரத்தில், கெட்டியான இயற்கைத் தரையில் அமையுங்கள். அதில் முள்ளும் குப்பையும் அடைக்காமல் மழைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் புல் வளரட்டும், மரம் வேண்டாம்: வேர் பட்டுப்போனால் அந்தத் துளையே நீருக்கு வழியாகிவிடும்.