தலைவலி தண்ணீர் குறைந்ததால் வந்ததா, கூடியதால் வந்ததா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. எடை 78 கிலோ. சில வருடங்களாக ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ரோடு சைக்கிளில் போவது வழக்கம். இரண்டு வாரம் முன்பு முதல் முறையாக 130 கி.மீ. போனோம், ஏழு மணி நேரம் ஆனது. பாதி வழியிலேயே வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிட்டன. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. சீட் படும் இடத்திலும் உணர்ச்சி இல்லாமல் இருந்தது, அது மாலைக்குள் சரியாகிவிட்டது. வலி வராமல் இருக்கக் கிளம்பும்போதே ஐபுபுரோஃபென் போட்டுக்கொள் என்று நண்பர் சொன்னார், போட்டேன். மதியம் இன்னொன்று. தண்ணீரும் குறைவில்லாமல் குடித்தேன், எட்டு லிட்டர் இருக்கும். இருந்தும் கடைசியில் தலைவலி, குமட்டல். மோதிரத்தைக் கழற்றக்கூட முடியவில்லை, விரல் அவ்வளவு இறுகியிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஒரு லிட்டர் குடித்தேன், தலைவலி கூடியதுதான் மிச்சம். தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் 200 கி.மீ. போவதாகத் திட்டம். விரல் மரத்துப்போவதற்கு என்ன செய்யலாம்? நான் போகலாமா?

பதில்: விரலைப் பற்றித்தான் முக்கியமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்தது மோதிரம் இறுகிய அந்த ஒரு வரிக்காக.

வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்துபோனவருக்கு அதனால் விரல் வீங்காது. எடை குறையும், நாக்கு உலரும், சிறுநீர் மஞ்சளாகிக் கொஞ்சமாகப் போகும், தண்ணீர் குடித்தால் தலைவலி தணியும். உங்களுக்கு எல்லாமே தலைகீழ். விரல் உப்பியது, குடிக்கக் குடிக்கத் தலைவலி கூடியது. அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனாலும் என் கணிப்பு, அன்று உங்களுக்குத் தண்ணீர் குறையவில்லை, கூடிவிட்டது. அதனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது.

ரத்தத்தில் சோடியம் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். கைவிரல் வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை வீங்கினால் மண்டை ஓட்டுக்குள் அதற்கு இடமில்லை. தலைவலி, வாந்தி, அப்புறம் குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு என்று போகும். உயிரே போன சம்பவங்களும் உண்டு.

நீங்கள் நிதானமாகப் போனவர், அதனால் இது வராது என்று நினைக்க வேண்டாம். நிதானமாகப் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. வேகம் குறைந்தால் வியர்வையும் குறையும், குடிக்க நேரமோ நிறைய. 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகமாக இருந்தது. மணிக்கணக்கில் வியர்வை விட்டு உழைத்த பிறகு எடை கூடியிருக்கிறது என்றால், தேவைக்கு மேல் குடித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சைக்கிளில் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

உங்கள் விஷயத்தில் இதோடு இரண்டு மாத்திரைகளும் சேர்ந்துகொண்டன. ஹைட்ரோகுளோரோதையசைடு உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. கூடுதலான தண்ணீரை மட்டும் பிரித்து வெளியே தள்ளும் சிறுநீரகத்தின் திறமையை அது மட்டுப்படுத்தும். நீண்ட நேர உழைப்பின்போது, தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஏ.டி.எச். என்ற ஹார்மோனும் உடம்பில் கூடுதலாகச் சுரக்கும். ஐபுபுரோஃபென் அந்த ஹார்மோனின் வேலைக்கு இன்னும் வலுச் சேர்க்கும். குடித்த எட்டு லிட்டரில் வியர்வையாகப் போனது போக மீதி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கும்.

ஐபுபுரோஃபெனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழைய ஒரு நுண்குழாய், வெளியேற ஒரு நுண்குழாய். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நுழையும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டான் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தம் விழுந்துவிடும். ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் பிரியும் மாத்திரையும் வெயிலும் கூடச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கவே வாய்ப்பு உண்டு. நல்ல ஆரோக்கியமான நண்பர் கிளம்பும்போது ஒன்று போட்டுக்கொண்டு எதுவும் ஆகாமல் திரும்பி வந்திருக்கலாம். அவர் சாப்பிடாத மாத்திரையை நீங்கள் சாப்பிடுகிறீர்கள். அதனால் பயணத்துக்கு முன்னும் சரி, பயணத்தின்போதும் சரி, இந்த வகை வலி மாத்திரை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். வீடு திரும்பிய பிறகு வலித்தால் பாராசிட்டமால் போதும். வரும் முன்பே வலியை அடக்க மாத்திரை போடும் பழக்கம் யாருக்குமே நல்லதில்லை என்பது என் கருத்து. உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருப்பதற்கு மருந்து எதற்கு?

சரி, அப்படியானால் எவ்வளவுதான் குடிப்பது? நண்பர்கள் குடிக்கும் நேரத்தில், அவர்கள் குடிக்கும் அளவு என்பது சரியான கணக்கில்லை. ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் வியர்க்கும், பக்கத்தில் வருகிறவருக்கு ஒன்றரை லிட்டர் வியர்க்கும். உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வழக்கமான வெயிலில், வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள். கிளம்பும் முன்பு சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 78.0, பின்பு 77.5, நடுவில் குடித்தது 300 மி.லி. என்றால் உங்கள் வியர்வை மணிக்கு சுமார் 800 மி.லி. இது உச்சவரம்பு. இதற்குக் குறைவாக, தாகம் எடுக்கும்போது குடியுங்கள். பயணம் முடியும்போது ஒன்று, ஒன்றரை கிலோ குறைந்திருந்தால் உங்கள் எடைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. அன்று இரவுக்குள் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் ஈடாகிவிடும். கூடியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

உப்பு கலந்த பானம் குடித்தால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, பாதிதான் உண்மை. கடையில் விற்கும் விளையாட்டு பானங்களில் சோடியம் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவில்தான் இருக்கும். உலக சுகாதார அமைப்பின் ஓ.ஆர்.எஸ். கலவையில் 75. இரண்டுமே ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. அளவுக்கு மேல் குடித்தால் இவையும் சோடியத்தை இறக்கத்தான் செய்யும். உங்களுக்கு ரத்த அழுத்தம் வேறு இருப்பதால், உப்பு மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து, கொஞ்சம் வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்திலேயே தீரத் தொடங்கும். முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் நேரம் கடந்திருக்கும். தாகத்துக்குக் காத்திருக்கலாம், பசிக்குக் காத்திருக்கக் கூடாது.

இப்போது விரலுக்கு வருவோம். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்நார் நரம்பு. அது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, உள்ளங்கையின் அடிமேட்டுக்குள் நுழைகிறது. ஹேண்டில்பாரில் நீங்கள் பாரத்தைப் போடுவதும் சரியாக அதே இடத்தில்தான். கூட்டமாகப் போகும்போது இது இன்னும் மோசமாகும். முன்னால் போகும் சக்கரத்தை ஒட்டிப் போகிறவர் பிரேக்கிலிருந்து விரலை எடுக்கப் பயப்படுவார். தனியாகப் போனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை மேலே, கீழே, நடுவே என்று மாற்றுகிறவர், வரிசைக்குள் மாட்டிக்கொண்டால் ஒரே பிடியில் ஒரு மணி நேரம் இருப்பார். அதனால் முன்னால் போகிறவர் மாறி மாறிப் பின்னுக்கு வரும் சுற்றில், நீங்கள் வரிசையின் கடைசிக்குப் போனதும் கையை எடுத்து உதறுங்கள், பிடியை மாற்றுங்கள். மணிக்கட்டு பின்னால் வளையாமல் நேராக இருக்கட்டும், முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். சீட்டின் முனை கீழே சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தாங்குவது கைதான். ஜெல் வைத்த கையுறையும் ஹேண்டில்பாரில் சுற்றும் கொஞ்சம் தடிமனான டேப்பும் உதவும். டயரில் காற்றைத் தேவைக்கு மேல் கல் மாதிரி அடைக்காமல் இருந்தாலே அதிர்வு குறையும்.

இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை என்பதால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே, கட்டைவிரலை நீட்டி வைத்துப் பிடியுங்கள். வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளைத் தக்கவைக்கக் கட்டைவிரல் நுனி தானாக மடங்கினாலோ, இடது கையில் நிற்கும் தாள் வலது கையில் நழுவினாலோ தசைக்குப் போகும் கிளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு நரம்பு மருத்துவரைப் பாருங்கள். பலம் குறையாமல் மரப்பு மட்டும் இருந்தால், அழுத்தத்தை விலக்கிச் சில வாரங்கள் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆறு வாரத்திலும் போகவில்லை என்றால் நரம்புக் கடத்தல் சோதனை செய்து பார்க்கலாம்.

சீட் படும் இடத்தில் மரத்ததைக் கூச்சப்படாமல் எழுதியதற்கு நன்றி. பலர் இதை மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. பாரம் உட்காரும் எலும்பில் இறங்காமல் நடுவே இருக்கும் நரம்பிலும் ரத்தக்குழாயிலும் இறங்குவதால் வருவது இது. மெத்தென்ற சீட் வாங்கினால் தீரும் என்பது தவறு. அது அமுங்கி நடுப்பகுதி மேலே எழும்பி இன்னும் அழுத்தும். உங்கள் இடுப்பு எலும்பின் அகலத்துக்குப் பொருந்தும், நடுவே பள்ளமோ திறப்போ உள்ள சீட்டைப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். வரிசைக்குள் சட்டென்று எழுந்தால் சைக்கிள் ஒரு கணம் பின்வாங்கிப் பின்னால் வருகிறவரின் சக்கரத்தில் உரசும். ஒரு கியர் கூட்டி, குரல் கொடுத்துவிட்டு, பெடலை அழுத்திக்கொண்டே எழுங்கள். மரப்பு மறுநாளும் நீடித்தாலோ, விறைப்புத்தன்மையில் மாற்றம் தெரிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் போனாலோ அது சீட்டின் வேலை இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் நண்பர்களிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். கூட்டத்தில் ஒருவர் பின்தங்கினால் "நீங்கள் போங்கள், நான் மெதுவாக வருகிறேன்" என்பார். களைப்பு மட்டும்தான் என்றால் பரவாயில்லை. தலைவலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், நேர்கோட்டில் ஓட்ட முடியாமை இவற்றில் ஏதாவது இருந்தால் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள், தனியாக விடாதீர்கள். வெப்பத்தாக்கம், சர்க்கரை இறங்குவது, சோடியம் இறங்குவது மூன்றுமே பார்க்க ஒன்றுபோல இருக்கும். நிழலில் உட்கார வையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பு கொடுக்கலாம். உடம்பு கொதித்தால் தண்ணீரை மேலே ஊற்றி விசிறுங்கள். வாய்க்குள் லிட்டர் கணக்கில் ஊற்றாதீர்கள். குழப்பம் இருந்தால் உடனே ஆம்புலன்ஸ். மருத்துவமனையில் பார்க்கும் மருத்துவரிடம் "இத்தனை மணி நேரம் ஓட்டினார், இவ்வளவு குடித்தார், இந்த மாத்திரை சாப்பிடுகிறார்" என்ற மூன்றையும் சொல்லுங்கள். குளுக்கோஸ் டிரிப் போடுவதற்கு முன்பே சோடியம் பார்க்க வேண்டும் என்று அவருக்கு உடனே தோன்றும்.

200 கி.மீ. போகலாமா என்றால், மூன்று வாரத்தில் வேண்டாம். முதலில் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை. அந்த முடிவோடு உங்கள் மருத்துவரைப் பார்த்து, நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ஹைட்ரோகுளோரோதையசைடுக்குப் பதில் வேறு மருந்து தரலாமா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், பயணம் போகும் அன்று மட்டும்கூட. 47 வயதும் ரத்த அழுத்தமும் இருப்பதால் ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் தேவையா என்றும் கேளுங்கள். மேடேறும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ, மயக்கமோ வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அந்தப் பரிசோதனை முடியும்வரை சைக்கிளைத் தொட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்து விரலும் தேறிவிட்டால், வலி மாத்திரை இல்லாமல், எடை பார்த்து, முதலில் 100, பிறகு 150 என்று போய்ப் பாருங்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். பிரெவே என்ற நெடுந்தூரச் சவாரிகளில் 200 கி.மீ.க்கு அனுமதிக்கும் நேரமே 13 மணி 30 நிமிடம். அதனால் அவசரப்பட வேண்டியதில்லை. வரிசைக்கு முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்கும் முறை வரும்போது மற்றவர்கள் ஐந்து நிமிடம் முன்னால் இருந்தால் நீங்கள் ஒன்றோ இரண்டோ நிமிடம் இருந்துவிட்டுப் பின்னால் வந்துவிடுங்கள். நண்பர்கள் கேலி செய்தால், டாக்டர் சொன்னார் என்று என் மேல் போட்டுவிடுங்கள்.