எல்லா ஒயினும் எனக்கு ஒரே மாதிரி இருக்கிறது. சிங்கப்பூரில் மாதம் 60 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) வேறுபாடு அறிந்து குடிக்கப் பழக முடியுமா?

முடியும். மாதத்துக்கு இரண்டு போத்தல் வாங்குவதாகவும், ஒன்றை இந்த வாரமும் மற்றதை அடுத்த வாரமும் திறப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரிவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நாக்குக்கு ஞாபகம் குறைவு. போன வாரம் வைத்த சாம்பாரில் புளி எவ்வளவு தூக்கலாக இருந்தது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இரண்டு கிண்ணங்களில் இரண்டு சாம்பாரை அருகருகே வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆகவே இரண்டு போத்தலையும் ஒரே நாளில் திறவுங்கள்.

நானும் என் கணவரும், என் அண்ணனும் அண்ணியும் மூன்று ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறோம். ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. ஆளுக்கு 15 வெள்ளி, மொத்தம் 60. உங்கள் கணக்கும் அதுதான். ஆனால் நான்கு நாக்குகள் சேரும்போது கற்றுக்கொள்வது பல மடங்காகிறது. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துவிடுவார். துணைக்கு யாராவது கிடைத்தால் தனியாகத் தொடங்காதீர்கள்.

விலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அது கொஞ்சம் விசித்திரமானது. ஒயினுக்கு இங்கே தீர்வை விலையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. உள்ளே இருக்கும் மதுச்சாரத்தின் அளவை வைத்து, ஒரு லிட்டர் தூய மதுச்சாரத்துக்கு 88 வெள்ளி. 13 சதவீத மதுச்சாரம் உள்ள 750 மில்லிலிட்டர் போத்தல் ஒன்றுக்கு இது 8 வெள்ளி 58 காசு. அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி. 20 வெள்ளிப் போத்தலில் இவ்விரண்டையும் கழித்தால், ஒயின், போத்தல், கப்பல் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாவற்றுக்குமாக மிஞ்சுவது 10 வெள்ளிக்கும் குறைவு. 30 வெள்ளிப் போத்தலில் அந்த மிச்சம் ஏறத்தாழ 19 வெள்ளி. அதாவது பத்து வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால், உண்மையான சரக்குக்குப் போகும் பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அதனால்தான் மூன்று மலிவுப் போத்தலைவிட 30 வெள்ளிப் போத்தல் இரண்டு வாங்குங்கள் என்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்புகிற உறவினர் இருந்தால் இன்னும் நல்லது. சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்துவிட்டு, மலேசியா தவிர்த்த வேறு நாட்டிலிருந்து வரும் 18 வயது நிரம்பியவர், வேறு மது எதுவும் கொண்டுவராவிட்டால், 2 லிட்டர் வரை ஒயினைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். சென்னைக்குப் போய்த் திரும்பும் அண்ணனிடம் சாங்கி விமான நிலையத்தில் இரண்டு போத்தல் வாங்கிவரச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

இனி ருசிக்கு வருவோம். தமிழில் வளர்ந்தவருக்கு இதில் ஒரு பெரிய முன்தொடக்கம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். அறுசுவை என்று சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அதில் துவர்ப்பும் ஒன்று. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்திருக்கிறோம், கொட்டைப்பாக்கு மென்றிருக்கிறோம், நாவல்பழம் தின்றபின் நாக்கு ஒட்டிக்கொள்வதை அனுபவித்திருக்கிறோம். சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் சொல் இதுதான். என்னோடு வேலை பார்க்கும் வேறு இனத் தோழிகள் துவர்ப்பையும் கைப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பாகற்காய் வேறு, வாழைப்பூ வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துவர்ப்பு எங்கிருந்து வருகிறது? திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருளிலிருந்து. சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோலோடு சேர்த்தே புளிக்க வைப்பார்கள். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்துகொள்வதால் வாயின் வழுவழுப்புப் போய் ஈறு வறண்டது போலாகிறது. பாலும் சீனியும் போடாத 'தே-ஓ கொசோங்' தேநீரைக் கடுஞ்சாயமாகக் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். ஒன்றரை வெள்ளியில் அதே பாடம் கிடைத்துவிடும்.

எங்கள் முதல் சனிக்கிழமைக்கு நான் வாங்கியவை சிலி நாட்டுப் போத்தல்கள் இரண்டு. ஒன்று கேபர்னே சோவினியோன், மற்றது பினோ நுவார். நாடு ஒன்று, விலை ஏறத்தாழ ஒன்று, திராட்சை மட்டும் வேறு. அண்ணி அதுவரை ஒயினைத் தொட்டதில்லை. முதல் கிளாஸை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பாக்கு. வெற்றிலை இல்லாமல் வெறும் பாக்கு," என்றார். இரண்டாவதைக் குடித்துவிட்டு, "இது பாக்கு இல்லை. பனிக்கூழ் மேலே ஊற்றுகிற செர்ரிப் பாகை நீர்க்க விட்ட மாதிரி, ஆனால் இனிப்பு இல்லாமல்," என்றார். கேபர்னேயின் பழம் சிறியது, தோல் தடிப்பானது. பினோவின் தோல் மெல்லியது. புத்தகம் படித்திராத அண்ணி அந்தத் தோல் வித்தியாசத்தை ஒரே நிமிடத்தில் நாக்கால் கண்டுபிடித்துவிட்டார். நான் அதுவரை ஓராண்டாகத் தனித்தனிப் போத்தலாகக் குடித்தும் அது எனக்குப் பிடிபட்டிருக்கவில்லை.

இன்னொன்று கனம். வாயில் ஒயின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதற்கு நாங்கள் ரசம், சாம்பார், குழம்பு என்றே பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் குறிப்பேட்டில் அந்தப் பினோவுக்கு 'ரசம்' என்றும், பிறகு ஒருநாள் குடித்த ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயினுக்கு 'கறிக்குழம்பு' என்றும் எழுதியிருக்கிறது. போத்தலின் பின்பக்கச் சீட்டில் எழுதியிருக்கும் நாம் பார்த்தேயிராத காட்டுப் பழங்களின் பெயர்களைத் தேடி அலையாதீர்கள். அந்தப் பழத்தை உண்ணாத நாக்கு அதை ஒயினில் எப்படிக் கண்டுபிடிக்கும்? உங்களுக்குக் கொய்யா மணத்தால் கொய்யா என்றே எழுதுங்கள்.

கொய்யா என்றதும் நியூசிலாந்தின் மார்ல்பரோ வட்டாரத்து சோவினியோன் பிளாங்க் நினைவுக்கு வருகிறது. வெள்ளை ஒயினில் தொடங்க இதைவிட வெளிப்படையான ஒன்றை நான் கண்டதில்லை. திறந்ததும் கொய்யா, பச்சைக் குடமிளகாய், வாயில் பல்லைக் கூசவைக்கும் மாங்காய்ப் புளிப்பு. இதன் பக்கத்தில் மரப்பீப்பாயில் இருந்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் ஒன்றை வைத்துப் பாருங்கள். அதில் வெண்ணெய் வாசனை வரும். பச்சை ஆப்பிளில் உள்ள கூர்மையான மாலிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் பாலில் உருவாகும் லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகும் டயசிடைல்தான் அதற்குக் காரணம். வெண்ணெயிலும் இருப்பது அதே பொருள். மாங்காயும் மோரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போல இருக்கும். இந்த இணையைத் தவறவிடாதீர்கள்.

வெப்பத்தைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற வழக்கம் ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. நம் அறையில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் மதுச்சாரம் மூக்கில் ஏறி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி போதும், குளிர்பதனப் பெட்டியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்தால் அந்த அளவுக்கு வந்துவிடும். வெள்ளையை நேர்மாறாக, பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். உறைகுளிரில் வாசனை எழும்பாது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரே சிவப்பு ஒயினை ஒரு கிளாஸில் சூடாகவும் இன்னொன்றில் குளிர்வித்தும் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு ஒயின் என்று அண்ணன் சத்தியம் செய்தார்.

வாங்கும் கடையிலும் இதைப் பாருங்கள். ஒருமுறை கடை முகப்பில், பிற்பகல் வெயில் நேராக விழும் இடத்தில் அடுக்கியிருந்த போத்தல் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கிவந்தேன். கார்க் வாய்விளிம்புக்கு மேலே லேசாக எழும்பியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். பழத்தின் உயிர்ப்பே இல்லை, உலர்திராட்சையைக் கொதிக்கவைத்த தண்ணீர் போலிருந்தது. 22 வெள்ளி போனதைவிட, அந்த மாதத்து ஒப்பீடு கெட்டதுதான் எனக்கு வருத்தம். குளிரூட்டிய இடத்தில் வைத்திருக்கும் கடையில் வாங்கி, வீட்டிலும் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைக்காமல் இருங்கள்.

சில மாதங்கள் பழகியதும் போத்தலை மறைத்து ருசியுங்கள். நாங்கள் தமிழ் முரசு நாளிதழின் பழைய தாளைச் சுற்றி, கழுத்தில் ரப்பர் வளையம் போட்டு, எண் எழுதிவிடுவோம். வாங்கியவர் சுற்றக்கூடாது, சுற்றியவர் ஊற்றக்கூடாது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர் நடத்திய மறைவு ருசிப்பில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியா ஒயின்களைச் சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடத்தில் வைத்தார்கள். பெயர்ச்சீட்டு கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம். எங்கள் மேசையிலும் அண்ணன் பிறந்தநாளுக்கு வாங்கிய 58 வெள்ளிப் போத்தலை நால்வரில் மூவர் 29 வெள்ளிப் போத்தலுக்குக் கீழே வைத்தோம்.

மறைவு ருசிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்று கிளாஸ் முறை. இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது ஒற்றை என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வந்துவிடும் என்பதால் ஆறு சுற்றாவது செய்யுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தேக்கரண்டி அளவு போதும், துப்புவதற்குக் குவளை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். துப்பத் தயங்கினால் நான்காவது சுற்றில் நாக்கு மரத்துவிடும். எது நல்லது, எது உயர்ந்தது என்ற கேள்வியே இதில் கிடையாது. வேறுபாடு தெரிகிறதா, இல்லையா, அவ்வளவுதான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று எழுதிய உங்களுக்கு இதுதான் சரியான மருந்து.

சாப்பாட்டுடன் எந்த ஒயின் பொருந்தும் என்றும் கேட்டிருந்தீர்கள். மிளகாய்க் காரத்துக்குப் பக்கத்தில் மதுச்சாரம் மிகுந்த, துவர்ப்பு மிகுந்த சிவப்பைக் கொண்டுவராதீர்கள், எரிச்சல்தான் கூடும். மீன் குழம்புக்கு லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற ஜெர்மன் வெள்ளை ஒயின் வாங்குங்கள், சீட்டில் கபினெட் என்று போட்டிருக்கும். இனிப்பு காரத்தை அடக்கும், புளிப்பு நம் புளிக்கு ஈடுகொடுக்கும். அதில் 8.5 சதவீத மதுச்சாரம்தான் என்றால் தீர்வையும் 5 வெள்ளி 61 காசாகக் குறைந்துவிடும். மிளகுக்கறிக்கு மட்டும் குளிர்ப் பகுதியில் விளைந்த ஷிராஸ். மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற அதே பொருள் அந்த ஒயினிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ஆய்வில் முகர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லையாம். என் கணவரும் அந்த வகை போலிருக்கிறது. "எங்கே மிளகு?" என்று மூன்று கிளாஸையும் மாறி மாறி முகர்ந்துகொண்டிருந்தார். நானும் அண்ணியும் அடுத்த அறையிலிருந்தே மிளகு என்றோம். ஆகவே வேறொருவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் மூக்கைக் குறைசொல்லாதீர்கள்.

மிஞ்சியதைச் சிறிய போத்தலில் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடமின்றி மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

இந்த மாதம் எதை வாங்குவது என்றால், சிலியின் கேபர்னே ஒன்று, பினோ ஒன்று. இரண்டும் ஒரே ஆண்டு அறுவடையாகக் கிடைத்தால் நல்லது. பேரங்காடிகளில் இரண்டாக எடுத்தால் விலை குறைக்கும் வாரங்கள் அடிக்கடி வரும், அதற்குக் காத்திருங்கள். மாலையிலேயே வாங்கிவிடுங்கள், இரவு 10.30க்கு மேல் காலை 7 வரை எந்தக் கடையிலும் மது விற்கமாட்டார்கள். கிளாஸ்கள் எல்லாம் ஒரே வடிவமாக இருக்கட்டும். அன்று மதியச் சாப்பாட்டில் ஊறுகாயைத் தள்ளிவையுங்கள். முதல் வாய் குடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் எதுவும் கேட்காமல், உங்களுக்குத் தோன்றிய முதல் சொல்லைத் தாளில் எழுதிவிடுங்கள். எழுதியதை இங்கே வந்து சொன்னால், அடுத்த மாதத்துக்கான இணையை நானே யோசித்துச் சொல்கிறேன்.